பாகூருக்கு நாலு கிலோமீட்டர் முன்னால்: ஆக்சிஜன் மெஷினோடு ஒரு கார்ப் பயணம்

போன வருடம் இதே வலைப்பதிவில், காரில் இன்வெர்ட்டர் பொருத்தி ஆக்சிஜன் மெஷினோடு வெளியூர் போவது ஒன்றும் பெரிய வித்தையில்லை என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு இன்றைக்கும் யாராவது கேள்வி அனுப்புகிறார்கள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு திருப்பதி போகலாமா, எத்தனை வாட்ஸ் இன்வெர்ட்டர் வாங்க வேண்டும் என்று. அந்தப் பதிவைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். இதைப் படியுங்கள்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நாங்கள் விழுப்புரத்தில் இருக்கிறோம். என் கணவருக்கு வயது நாற்பத்தொன்பது. கொரோனா வந்து போன பிறகு நுரையீரல் முழுக்கத் தழும்பு விழுந்துவிட்டது. நாள் முழுக்க ஆக்சிஜன் வேண்டும். உட்கார்ந்திருந்தால் நிமிடத்துக்கு மூன்று லிட்டர், நடந்தால் ஐந்து. அதைக் கொடுப்பது கரண்டில் ஓடும் ஒரு மெஷின், பதினைந்து கிலோ எடை. கரண்டு போனால் சமாளிக்க ஒரு குட்டி சிலிண்டர் வைத்திருக்கிறோம். முழுதாக நிரப்பினால் ஒன்றரை மணி நேரம் வரும்.

மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை, இவருடைய தங்கை செல்வியின் மகளுக்குக் காது குத்து. செல்வியைக் கட்டிக்கொடுத்தது பாகூர் பக்கம் சோரியாங்குப்பத்தில். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த குழந்தை யாழினி. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது வழக்கம், செல்விக்குக் கூடப்பிறந்தவர் இவர் ஒருவர்தான். அந்த மடிக்காகத்தான் இந்தப் பயணம். இரண்டு வருடமாக ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் போகாத மனிதர், ஒரு மாதமாகத் தயாரானார். குழந்தை பதிமூன்று கிலோ இருப்பாள் என்று தங்கையிடம் கேட்டு வைத்துக்கொண்டு, தினமும் சாயங்காலம் அரிசிப் பையை மடியில் வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்ப்பார். முதல் வாரம் மூன்று நிமிடத்திலேயே மூச்சு வாங்கியது. கடைசி வாரம் பதினைந்து நிமிடம் வரை தாங்கினார். எனக்குக் கேலி செய்யத்தான் தோன்றியது, செய்தேன். அவர் சிரித்தார்.

நல்ல நேரம் பத்தரையிலிருந்து பதினொன்றரை. விழுப்புரத்திலிருந்து சோரியாங்குப்பம், வில்லியனூர் வழியாகப் போனால் ஏறக்குறைய ஐம்பத்தைந்து கிலோமீட்டர். ஒன்றே முக்கால் மணி நேரம் போதும். காலை 7.40க்குக் கிளம்பினோம். நான் ஓட்டினேன். அவர் பக்கத்தில், மெஷின் பின் சீட்டில், சீர்த் தட்டும் கம்மலும் அதற்குப் பக்கத்தில். இன்வெர்ட்டரை எங்கள் ஊர் கார் எலக்ட்ரீஷியன் நேராக பேட்டரியில் இணைத்திருந்தார். சுருக்கமாகச் சொன்னால் மெஷின் ஓடுவது கார் பேட்டரியில், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது இன்ஜின் ஓடும்போது சுற்றும் ஆல்டர்னேட்டர். இன்ஜின் ஓடாவிட்டால் பேட்டரி கரையும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்ததைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. புதுச்சேரியில் பெட்ரோல் லிட்டருக்கு நாலஞ்சு ரூபாய் குறைவு. அதனால் அந்தப் பக்கம் போகிற நாளில் யாரும் விழுப்புரத்தில் பெட்ரோல் போடமாட்டோம். முள் சிவப்பைத் தொட்டாலும் பரவாயில்லை, எல்லை தாண்டி முழு டேங்க் அடித்துக்கொண்டுதான் மறுவேலை. நானும் அப்படியே போனேன். மதகடிப்பட்டு தாண்டி, திருபுவனை நெருங்கும்போது மணி 8.15. ஷிப்டுக்குப் போகிற கம்பெனி ஆட்களின் பைக்குகள் பெட்ரோல் பங்க் வாசல் வரை நின்றன. எனக்கு முன்னால் ஆறு கார். டேங்கில் இருந்த சொட்டுப் பெட்ரோலில் இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருக்க முடியாது, வரிசையை விட்டு வெளியே வரவும் பயம். அணைத்தேன். வரிசை நகர்ந்தால் ஸ்டார்ட் செய்வேன், ஒரு கார் நீளம் போவேன், மறுபடி அணைப்பேன். இப்படி இருபது நிமிடம். அவ்வளவு நேரமும் பின் சீட்டில் மெஷின் பேட்டரியை உறிஞ்சிக்கொண்டிருந்தது. கடைசி முறை சாவியைத் திருப்பியபோது இன்ஜின் முனகி முனகித்தான் எழுந்தது. முப்பது லிட்டர் போட்டதில் நூற்றைம்பது ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம். அந்தக் கணக்கை அவரிடம் பெருமையாகச் சொன்னது வேறு.

வில்லியனூர் வந்தபோது மணி ஒன்பது. திருக்காஞ்சி கோயிலுக்குப் போகிற கூட்டத்தோடு சேர்ந்து ஊர்ந்துகொண்டிருந்தபோதுதான் டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. இவரிடம் காட்டினேன். ஓட ஓடச் சார்ஜ் ஏறிவிடும், நிறுத்தாமல் போ என்றார். நானும் அப்படி யாராவது சொல்லத்தான் காத்திருந்தேன். வில்லியனூரில் பேட்டரிக் கடையும் மெக்கானிக்கும் எத்தனையோ உண்டு. இன்றைக்கும் அந்த விளக்கு என் கண்ணுக்குள் எரிகிறது.

ஏம்பலம் வரை ஒன்றும் தெரியவில்லை. கரிக்கலாம்பாக்கம் தாண்டியதும் ஹாரன் கம்மியது. ஸ்டியரிங் திடீரென்று கல்லாகிவிட்டது, இரண்டு கையாலும் இழுத்துத் திருப்ப வேண்டியிருந்தது. ஸ்பீடோமீட்டர் முள் கீழே விழுந்தது, கார் மட்டும் ஓடியது. அப்புறம் ஒரு குலுக்கல். கரும்புத் தோட்டத்துக்கும் நடவு வயலுக்கும் நடுவே ஓரங்கட்டி நின்றோம். சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் தவிர ஒன்றுமில்லை. மணி 9.35. பாகூருக்கு நாலு கிலோமீட்டர், அங்கிருந்து சோரியாங்குப்பத்துக்கு இன்னொரு நாலு. இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தி அணைந்தது. மெஷின் அலாரம் அடித்து அதுவும் அணைந்தது. பேச்சில்லாத காருக்குள் இவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்கக்கூடாத சத்தம்.

சிலிண்டரைத் திறந்து ட்யூபை மாற்றினேன். முள் பாதிக்குக் கீழே நின்றது. முந்தின வாரம் கரண்டு போனபோது பயன்படுத்தியது, நிரப்பி வைக்கவில்லை. கடை ஊரின் அந்தக் கோடியில், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மூன்று லிட்டருக்கு வைத்தால் நாற்பது நிமிடம்.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். உடனே எடுத்து விவரம் கேட்டுக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்த வண்டி ஒரு பிரசவக் கேஸோடு போயிருக்கிறது, இன்னொன்றை அனுப்புகிறோம், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம் என்றார்கள். செல்வியின் வீட்டுக்காரர் ரவிக்குப் போன் செய்தேன். கிடைக்கிற வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றார். ரோட்டில் இறங்கி நின்றேன். கைகாட்டியதில் இரண்டு பைக்குகள் நின்றன. பைக்கில் என்ன இருக்கிறது கேட்க?

வயல் வரப்பில் மண்வெட்டியோடு நின்ற ஒரு அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும், தலையில் துண்டு. பெயர் அஞ்சலாட்சி என்று பிறகு தெரிந்துகொண்டேன். ரோட்டுக்கு ஏறி வந்து, காருக்குள் எட்டிப் பார்த்து, இன்னாம்மா, கரண்டு இருந்தா இந்தப் பொட்டி ஓடுமா என்று கேட்டார். ஓடும் என்றேன். அறுபது எழுபது மீட்டர் உள்ளே ஒரு மோட்டார் கொட்டாய் தெரிந்தது. அங்கே போன் சார்ஜ் போடுகிற பிளக் இருக்கிறது என்றார். நான் பதில் சொல்வதற்குள் மெஷினைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

இவர் நடக்க வேண்டும். ஓட்டத்தை ஐந்து லிட்டருக்குக் கூட்டினேன், அப்படியென்றால் சிலிண்டர் இன்னும் வேகமாகக் காலியாகும். பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் தோளைப் பிடித்து நடந்தார். நாலு முறை நின்றோம். ஒவ்வொரு முறையும் உதடு பார்த்தேன். மூன்றாவது முறை ஊதா நிறம் வந்திருந்தது. வீட்டில் என்றால் அழுதிருப்பேன், வரப்பில் வழுக்காமல் பார்க்க வேண்டியிருந்ததால் அழவில்லை.

கொட்டாயில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பிளக்கில் மாட்டினேன். மெஷின் கிளம்பி, கத்தி, அணைந்தது. மறுபடி போட்டேன், மறுபடி அணைந்தது. லைனின் கடைசிக் கொட்டாய் அது. மோட்டார் ஓடும்போது வோல்டேஜ் இறங்கிவிடுகிறது. அஞ்சலாட்சிக்கு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. மோட்டார் ஓடினால் இந்த பல்பே மங்கித்தான் எரியும் என்றார். பிறகு திரும்பி வயலைப் பார்த்தார்.

அந்த போர்வெல் அவர் மாமனார் போட்டது. இப்போது மூன்று பங்காளிக்குப் பொது. முறை வைத்துத்தான் தண்ணீர். நடவு நட்டுப் பத்து நாள் ஆன பயிர், இன்றைக்கு அவர் முறை, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. விட்டால் அடுத்த முறை மூன்று நாள் கழித்து. பாத்தியில் தண்ணீர் கால்வாசிதான் ஏறியிருந்தது.

"பன்னெண்டு வரைக்கும் என் மொறை. அப்பறம் எங்க மச்சாண்டாரு வந்துடுவாரு, அவரு யாருக்கும் நிறுத்தமாட்டாரு. அதுக்குள்ள இன்னா பண்ணுவியோ பண்ணிக்க" என்றார். வீட்டுக்காரரின் அண்ணனைச் சொன்னார். முகத்தில் சிரிப்பெல்லாம் இல்லை. ஸ்டார்ட்டரில் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். குழாயில் தண்ணீர் மெலிந்து நின்றது. மெஷின் ஓட ஆரம்பித்தது. மணி 9.58. சிலிண்டரை மூடிவிட்டு முள்ளைப் பார்த்தேன். உட்கார்ந்த நிலையில் பத்து நிமிடத்துக்கு வரும், அதற்கு மேல் வராது.

ஒரு யூரியா சாக்கை விரித்து இவரை உட்கார வைத்தோம். பதினைந்து நிமிடத்தில் உதட்டின் நிறம் திரும்பியது. விரலில் மாட்டுகிற மீட்டர் 91 காட்டியது. எனக்குப் போன உயிர் வந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி, மணி என்ன.

10.25க்கு ரவி வந்தார். அவசரத்தில் கிடைத்தது ஒரு ஆட்டோதான். பட்டு வேட்டியோடு வரப்பில் ஓடிவந்தார், பாவம். பந்தலில் எல்லோரும் காத்திருக்கிறார்கள், யாழினிக்கு மொட்டை போட்டாயிற்று, காது குத்துகிற பத்தர் வந்து உட்கார்ந்திருக்கிறார், எட்டு கிலோமீட்டர்தான், பதினெட்டு இருபது நிமிடத்தில் போய்விடலாம் என்றார். அங்கே வீட்டில் பிளக் இருக்கிறது, மெஷினை மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன் என்றார். எல்லாம் சரி. நடுவில் இருக்கிற அந்த இருபது நிமிடம்? அதோடு ரோடு வரைக்கும் நடக்கிற நடை?

இவர் அதற்குள் கையை ஊன்றி எழுந்துவிட்டார்.

"பத்து நிமிஷம் சிலிண்டர் வரும். மீதி பத்து நிமிஷம் நான் தாங்கிப்பேன். எடுடி" என்றார்.

தாங்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். வரப்பில் அந்த உதட்டைப் பார்த்தவள் நான். சிலிண்டரைத் திறக்க ஒரு சின்னச் சாவி உண்டு, அது இல்லாமல் வால்வு திறக்காது. அதைக் கழற்றிக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டேன். வேண்டாம் என்றேன். சாவியைக் கொடு என்றார். தரமாட்டேன் என்றேன். மாப்பிள்ளை முன்னால், முன்பின் தெரியாத ஒரு பெண் முன்னால், கல்யாணமாகி இருபத்து மூன்று வருடத்தில் நான் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் வலுவே இல்லை. அது அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. விட்டுவிட்டார்.

செல்வி போனில் வந்தாள். அண்ணா, நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்கேயே வந்துவிடுகிறேன், பத்தரையும் கூட்டிவருகிறேன் என்றாள். நான் ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். இவர்தான் மறுத்தார். நூற்றைம்பது பேரைப் பந்தலில் உட்கார வைத்துவிட்டு, அடுத்தவர் மோட்டார் கொட்டாயில், யூரியா சாக்கு மேல் வைத்தா என் மருமகளுக்குக் காது குத்துவது என்றார். மூச்சு விட்டு விட்டு, நாலு தவணையில் அந்த வாக்கியத்தைச் சொல்லி முடித்தார். பெரியப்பா மகன் வந்திருக்கிறான் அல்லவா, அவன் மடியில் வைத்துக் குத்துங்கள், நேரம் தப்பக்கூடாது என்றார். போனை என்னிடம் கொடுத்துவிட்டார்.

ரவி சீர்த் தட்டையும் கம்மல் டப்பாவையும் காரிலிருந்து எடுத்துக்கொண்டு போனார். போகும்போது என்னிடம், அக்கா, நீங்க செஞ்சது சரிதான் என்று மெதுவாகச் சொன்னார். இவர் காதில் விழாமலிருக்க வேண்டுமே என்று எனக்கு இருந்தது.

11.05க்கு வீடியோ அழைப்பு வந்தது. வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். போனை வாங்கி, தண்ணீர்க் குழாய் மேல் சாய்த்து வைத்துவிட்டு, சம்மணம் போட்டு நேராக உட்கார்ந்தார். வேட்டியை முழங்கால் வரை இழுத்துச் சுருக்கம் எடுத்துவிட்டார். பெரியப்பா மகன் மடியில் மொட்டைத் தலையோடு யாழினி. அவள் கத்திய கத்தலில் படம் ஆடியது. இவர் கை இரண்டும் முன்னால் போய்விட்டு, மறுபடி தொடை மேல் வந்து நின்றன. இரண்டாவது காதும் முடிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்தார். அஞ்சலாட்சி கொட்டாய்க்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

11.20க்கு ஆம்புலன்ஸ் வந்தது. நாங்கள் ரோட்டில் ஏறி, பின்கதவு மூடுவதற்குள் மோட்டார் சத்தம் கேட்டது. அந்த அம்மாவுக்கு நாற்பது நிமிடம் மிச்சம் இருந்தது. அது எவ்வளவு பயிருக்குப் போதுமோ தெரியவில்லை. நன்றி என்று சொல்லக்கூட நின்று ஒரு வார்த்தை பேசவில்லை நான்.

ஆஸ்பத்திரியில் சாயங்காலம் வரை வைத்திருந்து அனுப்பினார்கள். தனியார் ஆம்புலன்ஸில் விழுப்புரம் வர 3,500 ரூபாய். காரைக் கட்டி இழுத்து வர 2,500. எலக்ட்ரீஷியன் பிரித்துப் பார்த்துவிட்டு ஆல்டர்னேட்டர் காயில் கருகிவிட்டது, பேட்டரியும் போச்சு என்றார். இரண்டும் சேர்த்து 11,000. காலியான பேட்டரிக்கும் சார்ஜ் ஏற்றி, மெஷினையும் ஓட்டி, ஊர்ந்து போகிற வேகத்தில் அது எப்படித் தாங்கும் என்று என்னையே கேட்டார். கேட்க வேண்டிய ஆளைத்தான் கேட்டார்.

கேள்வி அனுப்புகிறவர்களுக்கு என் பதில் இதுதான். பெட்ரோலை முந்தின நாளே போட்டுவிடுங்கள், எந்த ஊர் விலையாக இருந்தாலும் சரி. ஆக்சிஜன் ஓடும்போது பெட்ரோல் பங்க் உள்ளேயே போகக்கூடாது என்று டாக்டர் பிறகு திட்டினார், அதுவும் எனக்குத் தெரியாமல் இல்லை. இன்ஜினை அணைத்தால் அந்த நிமிடமே மெஷினையும் அணைத்து, சிலிண்டருக்கு மாற்றுங்கள். சிலிண்டரை முழுதாக நிரப்பி, பயண நேரத்தைப் போல் இரண்டு மடங்கு வருகிற மாதிரி எடுத்துப் போங்கள். சிவப்பு பேட்டரி விளக்கு எரிந்தால் கடை இருக்கிற ஊரிலேயே நில்லுங்கள், யார் என்ன சமாதானம் சொன்னாலும். சின்ன கார் என்றால் இன்வெர்ட்டருக்குத் தனி பேட்டரி வையுங்கள். இவ்வளவும் செய்தால் போகலாமா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியவில்லை. தைரியம் சொல்கிற இடத்தில் இப்போது நான் இல்லை.

அவர் உயிரோடு இருக்கிறார். மெஷின் ஹாலில் ஓடுகிறது. சாவியைப் பற்றி நாங்கள் இருவரும் இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வருகிற மாதம் ஆஸ்பத்திரிக்குக்கூட ஆட்டோ வேண்டாம், டாக்டரைப் போனில் கேட்டுக்கொள்ளலாம் என்கிறார். காரை விற்றுவிடு என்று ஒரு நாள் டிவி பார்த்துக்கொண்டே சொன்னார். எங்கேயும் போகாத மனிதராகிவிட்டார். அதை நான்தான் செய்தேனோ, அந்த நோய் செய்ததோ, பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

மூன்று வாரம் கழித்து செல்வி குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மாமன் வாங்கிக் கொடுத்த கம்மல் அந்தச் சின்னக் காதில் நன்றாக இருந்தது. யாழினி வந்ததும் வராததுமாக ஓடிப்போய் அவர் மடியில் ஏறப் பார்த்தாள். அவர் ட்யூபை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு, இன்னொரு கையால் பக்கத்து நாற்காலியைக் காட்டினார்.

"அங்க உக்காரு பாப்பா" என்றார்.

செல்வி என்னைப் பார்த்தாள். நான் காபி போட உள்ளே போய்விட்டேன்.